சுவரில் ஒட்டியதை முதலில் கழற்றுங்கள், தம்பி

வாசகர் கேள்வி:

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அதிபராக வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தரம் 1 முதல் 11 வரை 212 பிள்ளைகள், 14 ஆசிரியர்கள். அண்மையில் ஒரு கூட்டத்தில் எல்லாப் பாடசாலைகளின் பெறுபேறுகளையும் திரையில் போட்டுக் காட்டினார்கள். நாங்கள் கடைசியிலிருந்து இரண்டாவது. தரம் 5 புலமைப்பரிசிலில் 2023இல் 14 பேரில் 3 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். 2024இல் 11 பேரில் ஒருவருமில்லை. தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில், கணிதத்தில் 16 பேரில் 5 பேர்தான் சித்தி. திரும்பி வந்து ஆசிரியர் வாரியாகப் புள்ளிகளை எக்ஸெலில் போட்டு, பெயரோடு வரைபடமாக்கி ஆசிரியர் அறையில் ஒட்டினேன். தரம் 5 டீச்சர் அழுதுவிட்டு இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு மூன்று பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அமெரிக்காவில் புள்ளிகளை வைத்துத்தான் ஆசிரியரை அளக்கிறார்கள் என்று ஒரு பயிற்சிப்பட்டறையில் சொன்னார்கள். ஆசிரியர்களின் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும் காலம் வருகிறது. புள்ளிகளை வைத்து எழுதலாமா, மிஸ்?

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஓர் அதிபர்)

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் அதிபராக, மறுதரம் அந்தத் தரம் 5 டீச்சராக. இரண்டு கதிரையிலும் இருந்தவள் நான். (தோட்டப் பாடசாலையில் என்னை யாரும் மிஸ் என்று கூப்பிட்டதில்லை, டீச்சர்தான். டவுன் பாடசாலைக்குப் போன பிறகுதான் மிஸ் ஆனேன். உங்களுக்கு எது வாய்க்கு வருகிறதோ அதையே சொல்லுங்கள்.)

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். புள்ளியை மட்டும் வைத்து எழுத வேண்டாம். புள்ளியைப் பார்க்காமலும் எழுத வேண்டாம். எப்படிப் பார்ப்பது என்பதைப் பிறகு பேசலாம். அதற்கு முன்னால், திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஆசிரியர்கள் வந்து இறங்குவதற்குள், அந்தத் தாளைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

உங்கள் தரம் 5 கணக்கையே எடுப்போம். 14இல் 3 என்றால் 21 வீதம். 11இல் ஒன்றுமில்லை என்றால் பூச்சியம். திரையில் போட்டால் மலையிலிருந்து பள்ளத்தில் விழுந்த மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்த 11 பேரில் ஒரே ஒரு பிள்ளை தாண்டியிருந்தால் 9 வீதம், இரண்டு பேர் என்றால் 18 வீதம், ஏறத்தாழ பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். பரீட்சை நாளில் காய்ச்சலோடு வந்த பிள்ளை ஒன்று, முதல் நாள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) சண்டை நடந்து தூங்காமல் வந்த பிள்ளை ஒன்று. ஓர் ஆசிரியரின் முழு வருடமும் இந்த இரண்டு பிள்ளைகளின் ஒரு காலைப்பொழுதில் தொங்குகிறது. 200 பேர் எழுதும் பாடசாலையில் இரண்டு பிள்ளை இப்படிப் போனால் வீதத்தில் ஒரு புள்ளிதான் அசையும். கூட்டத்தில் இரண்டு பாடசாலையையும் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 2024இல் தரம் 5 எழுதிய அந்த 11 பிள்ளைகளும் தரம் 1க்கு வந்தது எப்போது? 2020 ஜனவரி. எழுத்துப் பழக வந்த பிள்ளைகளை மார்ச் நடுவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு கேட்டைப் பூட்டினோம். அப்புறம் இரண்டு வருடம் திறப்பதும் மூடுவதுமாகப் போனது. டவுன் பிள்ளைக்கு சூம் வகுப்பு. லயத்துப் பிள்ளைக்கு ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில், சிக்னலுக்கு மலை உச்சிக்கு ஏற வேண்டும். 2022இல் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, ஆசிரியர்கள் வந்து சேரவே பாடுபட்டார்கள். 2023இல் எழுதிய 14 பிள்ளைகளுக்கோ தரம் 1 ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. அவர்கள் 2019இல் சேர்ந்தவர்கள். அ, ஆ பழகும் வருடத்தை இழந்த வகுப்பும் இழக்காத வகுப்பும் ஒரே டீச்சரின் பெயருக்குக் கீழே இரண்டு கம்பங்களாக நிற்கின்றன. கம்பம் குட்டையானதற்கு அவரைக் கேட்கிறீர்கள்.

பரீட்சையும் ஒன்றல்ல. 2024 வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கும்படி ஆனது உங்களுக்கு நினைவிருக்கும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, வருடத்துக்கு வருடம் வேறு. பெரிய பாடசாலையில் யாருக்கு இடம், யாருக்கு உதவிப்பணம் என்று பிரிப்பதற்காகப் போட்ட கோடு அது. டீச்சரை அளக்கவென்று யாரும் அதைப் போடவில்லை.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் ஒரு பாடசாலையில் தரம் 9க்கு இரண்டு பிரிவு, ஏ, பி. இரண்டு தவணை தொடர்ந்து பி பிரிவின் தமிழ்ப் புள்ளி மோசம். அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினேன், பாடசாலையில் நடப்பதை அதிபர் பதியும் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் தவணையில் பழைய புள்ளிப்பட்டியலைப் புரட்டியபோதுதான் உறைத்தது: தரம் 8 முடிவில் 40க்குக் கீழே எடுத்தவர்களை எல்லாம் பி பிரிவுக்குத் தள்ளியது யார்? நான்தான். ‘கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்தால் சாதாரண தரத்தில் ரிசல்ட் காட்டலாம்’ என்று நானே பிரித்தேன். பிறகு அதே பிரிப்பின் விளைவை அவர் தலையில் எழுதினேன். அந்தப் பக்கத்தை இன்றைக்கும் கிழிக்க முடியாது. அதற்குக் கீழே நான் எழுதிய திருத்தமும் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. கணிதம் படிப்பிப்பவர் வணிகப் பாடத்துக்கு நியமனம் பெற்றவர் என்கிறீர்கள். கணித ஆசிரியர் இல்லாததால் நீங்கள் கேட்டு அவர் எடுத்துக்கொண்ட பாடம் அது. அப்படியானால் 16இல் 5 என்பது யாருடைய பெறுபேறு? அவருடையது கொஞ்சம், நியமனம் தராதவர்களுடையது கொஞ்சம், நேரசூசி போட்ட உங்களுடையது கொஞ்சம். வரைபடத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

சரி, அமெரிக்கா. பயிற்சிப்பட்டறையில் சொன்னது பாதிக் கதை. அங்கே ‘மதிப்புக்கூட்டு’ என்று ஒரு முறை இருக்கிறது. பிள்ளை போன வருடம் எடுத்த புள்ளியை வைத்து இந்த வருடம் இவ்வளவு எடுக்கும் என்று கணினி எதிர்பார்க்கும். அதைவிடக் கூட எடுத்தால் ஆசிரியருக்கு வரவு, குறைந்தால் பற்று. வெட்டுப்புள்ளியை மட்டும் பார்ப்பதைவிட இது நியாயமான யோசனைதான், பிள்ளை எங்கிருந்து தொடங்கியது என்றாவது கேட்கிறது. ஆனால் அமெரிக்கப் புள்ளிவிவரவியலாளர்களின் சங்கமே 2014இல் ஓர் எச்சரிக்கை விட்டது. பிள்ளைக்குப் பிள்ளை புள்ளி வேறுபடுவதில் ஆசிரியரால் வரும் பங்கு, பெரும்பாலான ஆய்வுகளில், 1 வீதத்திலிருந்து 14 வீதம் வரைதான் என்றார்கள். ஆசிரியரால் ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. மிச்சம் வீட்டிலும் ஊரிலும் பாடசாலை நடக்கிற விதத்திலும் இருக்கிறது என்று அர்த்தம்.

ஹூஸ்டன் நகரில் இந்தக் கணக்கை ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள் போட்டது. எப்படிப் போட்டது என்று ஆசிரியர்களுக்குக் காட்டவில்லை, வியாபார இரகசியமாம். ஆசிரியர் சங்கம் வழக்குப் போட்டது. சரிபார்க்கவே முடியாத ஒரு கணக்கை வைத்து ஒருவரின் வேலையில் கை வைப்பது பற்றிய அவர்கள் முறைப்பாட்டில் விசாரிக்க விஷயம் இருக்கிறது என்று 2017இல் நீதிபதி சொன்னார். பிறகு கல்வி நிர்வாகம் சமரசமாகி அந்த முறையைக் கைவிட்டது. உங்கள் எக்ஸெல் தாளில் இரகசியம் ஒன்றுமில்லை, தெரியும். ஆனாலும் ஒட்டுவதற்கு முன்னால் ஒருவரிடமாவது ‘இந்தக் கணக்கைப் பாருங்கள், சரியா?’ என்று கேட்டீர்களா?

அட்லாண்டா நகரக் கதை இதைவிடக் கசப்பு. புள்ளி ஏறினால் பாராட்டு, இறங்கினால் கதிரை போகும் என்ற நெருக்குதலில், 2011இல் வந்த விசாரணை அறிக்கையின்படி, 44 பாடசாலைகளில் பெரியவர்களே விடைத்தாளைத் திருத்தி மோசடி செய்திருந்தார்கள். நம் பக்கம் அவ்வளவு தூரம் போகாது என்று சொல்லிக்கொள்ளலாம். வேறு வழிகள் நமக்கும் தெரியும். தவணைப் பரீட்சைக்குச் சொந்த வினாத்தாள் என்றால் கேள்வி சுலபமாகும். மெல்லக் கற்கும் பிள்ளையிடம் ‘நாளைக்கு வராட்டியும் பரவாயில்ல’ என்று மெதுவாகச் சொல்லப்படும். வரைபடம் அழகாகும்.

புள்ளிகளை என்னதான் செய்வது? தவணைப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் ஒரு பாடத்தின் விடைத்தாள்களை எடுத்து, எந்தக் கேள்வியில் எத்தனை பிள்ளை விழுந்தது என்று கோடு போடுங்கள். 16 பேரில் 13 பேர் பின்னத்தில் விழுந்திருந்தால், ‘உங்கள் ரிசல்ட் மோசம்’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘பின்னம் எப்படிப் போகிறது?’ என்று கேட்கலாம். முதலாவதுக்கு ஆள் அழுவார். இரண்டாவதுக்குக் கொப்பியை எடுத்துக் காட்டுவார்.

அடுத்தது வகுப்பு இடாப்பு, பிள்ளைகளின் வரவைக் குறிக்கும் புத்தகம். புள்ளிப்பட்டியலைத் தனியாகப் பார்க்கவே கூடாது, இடாப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். 10ஆம் திகதி சம்பளம் என்றால் 11ஆம் திகதி வராத பிள்ளைகளுக்கு எத்தனை பூச்சியம் விழுகிறது, தோட்டத்துத் திருவிழா வாரம் எப்படி, கொழுந்து கூடிய மாதத்தில் எந்த மூத்த பெண்பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள லயத்தில் நின்றுவிடுகிறது என்று அதில் எல்லாம் இருக்கிறது. வருடத்தில் 80 வீதத்துக்குக் குறைவாக வந்த பிள்ளைகளின் பெயரை வேறு நிறப் பேனையால் குறியுங்கள். மிச்சம் உள்ள பிள்ளைகளின் புள்ளிதான் டீச்சரோடு பேசுவதற்கான புள்ளி. குறித்த பிள்ளைகளின் புள்ளி தோட்ட நிர்வாகத்தோடும் பெற்றோரோடும் பேசுவதற்கு.

மூன்றாவதாக, தொடக்கத்தை எழுதிவையுங்கள். தரம் 3 பாடநூலிலிருந்து ஐந்து வரி. வருடத் தொடக்கத்தில் தரம் 4, 5 பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனியே வாசிக்கச் சொல்லி, வாசித்தது, எழுத்துக் கூட்டியது, முடியவில்லை என்று மூன்றே வகையாகக் குறியுங்கள். வருட முடிவில் அதே ஐந்து வரி. ஜனவரியில் 11 பேரில் 6 பேருக்கு வாசிக்க வரவில்லை, ஒக்டோபரில் அந்த ஆறில் நாலு பேர் வாசிக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த டீச்சர் பெரிய வேலை செய்திருக்கிறார். வெட்டுப்புள்ளிப் பட்டியலில் அவர் பூச்சியம்.

இவ்வளவும் செய்த பிறகும், ஆசிரியரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்று மட்டும் தெரியும். போய் உட்காருங்கள்.

நான் ஒரு தரம் 8 கணித வகுப்பில் பின் வாங்கில் உட்கார்ந்திருந்த நாள். நீள மண்டபம், தட்டி மறைப்பு, அந்தப் பக்கம் தரம் 7. டீச்சர் கரும்பலகையில் 1/2 + 1/3 எழுதி, அழகாக விளக்கினார். “வெளங்குதா?” “வெளங்குது டீச்சர்!” தகரம் அதிர்ந்தது, தட்டிக்கு அப்பால் இருந்து இரண்டு தலை எட்டிப் பார்த்தது. அடுத்த கணக்கும் அதே மாதிரி, பிள்ளைகளே செய்ய வேண்டும். என் பக்கத்தில் இருந்த பையன் மேல் இரண்டையும் கூட்டி, கீழ் இரண்டையும் கூட்டி ஒரு விடை எழுதினான். கரும்பலகையில் சரியான விடை வந்ததும் விரலில் எச்சில் தொட்டு அழித்து, அதை எழுதினான். டீச்சர் வரிசையாக வந்து பார்த்தார், சிவப்பு மையில் சரி போட்டார். பாவம், அவர் பார்த்தபோது கொப்பியில் இருந்தது சரியான விடைதான். அந்தப் பையன் தவணையில் எடுத்தது 18.

மத்தியானம் 1.30 பஸ்ஸுக்கு முன்னால் பத்து நிமிடம் பேசினோம். நான் அவரிடம் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பையனின் கொப்பியில் ஓட்டை விழுந்த இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாளிலிருந்து அந்த வகுப்பில் ஒரு சட்டம் வந்தது: பிழையை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். அடுத்த தவணை சராசரி ஏறியதா என்று கேட்பீர்கள். கொஞ்சம்தான். ஆனால் யாருக்கு எங்கே பிழைக்கிறது என்று டீச்சருக்குத் தெரிய ஆரம்பித்தது. எந்த எக்ஸெல் தாளும் எனக்கு அந்த எச்சில் விரலைக் காட்டியிருக்காது. அமெரிக்காவிலும் பெரிய நகரங்களின் அதிபர்களிடம் வன்டபில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசாரித்து 2015இல் எழுதியபோது, மதிப்புக்கூட்டுப் புள்ளியைவிட வகுப்பைப் பார்த்து எழுதிய குறிப்புகளையே அதிபர்கள் கூட நம்பியதாகத் தெரிந்தது. புள்ளி பிந்தி வருகிறது, என்ன செய் என்று சொல்வதில்லை என்பது அவர்கள் குறை.

ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு எழுதிவிடாதீர்கள். முதல் தடவை டீச்சரும் நடிப்பார், பிள்ளைகளும் நடிக்கும், நீங்களும்தான். மூன்று தடவையாவது போங்கள், அதில் ஒன்று அவர் கேட்கும் நாளில். போகும்போது ஆறு கொப்பியை வாங்கிப் பாருங்கள்: முன்னணியில் இரண்டு, நடுவில் இரண்டு, கடைசியில் இரண்டு. கடைசி இரண்டு கொப்பியில் சிவப்பு மை எந்தத் திகதியில் நின்றுபோயிருக்கிறது என்று பாருங்கள். அதைவிட நேர்மையான தரவு உங்கள் பாடசாலையில் இல்லை.

இவ்வளவு சொன்னதால் நான் ஆசிரியர் பக்கம் மட்டும் நிற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்துப் பிள்ளை, அப்பா குடி, அம்மா மலையில், கொரோனா என்று எல்லாவற்றுக்கும் ஒரு போர்வை வைத்திருக்கும் ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். அந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை. அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் உண்மை. ஒரே லயத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் தரம் 2 முடிவதற்குள் எல்லாரையும் வாசிக்க வைக்கிறார், இன்னொருவர் பாடக் குறிப்பை மட்டும் முத்து முத்தாக எழுதுகிறார். நான் சொன்ன மூன்று வேலையும் செய்த பிறகும் ஒருவருடைய வகுப்பில் பிள்ளை நகரவில்லை, கொப்பி திருத்தப்படவில்லை, இரண்டு தவணை உதவி கொடுத்தும் மாற்றமில்லை என்றால் எழுதுங்கள். தயங்க வேண்டாம். அப்போது நீங்கள் எழுதுவது பிள்ளை எடுத்த புள்ளியை அல்ல, அவர் செய்யாத வேலையை. திகதியோடு எழுதலாம், அவர் முன்னால் வாசித்துக் காட்டலாம்.

படிவத்துக்கும் இதே அளவுகோல்தான். வீதத்தை எழுத வேண்டியிருந்தால் பக்கத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். ‘0 வீதம்’ என்று எழுதாதீர்கள், ‘11 பேரில் ஒருவருமில்லை, இவர்களில் இத்தனை பேர் வருட ஆரம்பத்தில் வாசிக்க முடியாதவர்கள்’ என்று எழுதுங்கள். கணித ஆசிரியருக்கு ‘தமது நியமனப் பாடம் அல்லாத பாடத்தை அதிபரின் வேண்டுகோளின்பேரில் பொறுப்பேற்றார்’ என்ற வரி கட்டாயம் வேண்டும். அது அவருக்குச் சேர வேண்டிய வரி. அடுத்த கூட்டத்துக்கும் ஒரு தாள் கொண்டுபோங்கள்: மூன்று வருடத்துப் பிள்ளைகளைச் சேர்த்த கணக்கு, வரவு, கணித ஆசிரியர் வெற்றிடம். திரையில் உங்கள் கம்பம் குட்டையாகத்தான் நிற்கும். எழும்பிப் பேசுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.

இனி அந்த டீச்சர். அவரை அலுவலகத்துக்குக் கூப்பிடாதீர்கள், ஏற்கனவே பயந்திருக்கிறார். இடைவேளையில் அவர் வகுப்புக்கு நீங்கள் போங்கள். ‘டீச்சர், நான் ஒட்டினது பிழை. 2020இல் இந்தப் பிள்ளைகள் தரம் 1 என்பதை நான் யோசிக்கவில்லை’ என்று அந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ஒட்டும்போது எல்லாரும் பார்த்தார்கள், அதனால் அடுத்த ஆசிரியர் கூட்டத்திலும் ஒரு தடவை சொல்லுங்கள். இடமாற்ற விண்ணப்பத்தை மீளப் பெறச் சொல்லிக் கேட்க வேண்டாம், அது அவர் உரிமை. இந்த வருடத் தரம் 5 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு போய், இவர்களில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவரிடமே கேளுங்கள். எழுதிக்கொள்ள ஒரு பென்சில் எடுத்துப் போங்கள், அவர் சொல்லத் தொடங்கினால் நேரம் எடுக்கும்.

அந்த ஐந்து வரி வாசிப்பைச் செய்து பார்த்தால், என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.